கோடை உழைப்பும் உப்பு நீரும்

சித்திரை பிறந்து வெயில் ஏறிவிட்டது என்பதற்காக நம் அங்கத்தினர்களின் வேலை நின்றுவிடுவதில்லை. கோடை மழையின் ஈரம் காய்வதற்குள் உழவேண்டும். கரும்பிற்கும் வாழைக்கும் தண்ணீர் கட்டவேண்டும். களத்தில் கிடப்பதை மூட்டை பிடிக்கவேண்டும். தறிவீட்டிலோ, பாவு நூல் அறாதிருக்கும் பொருட்டுச் சன்னலைச் சாத்தி ஈரக் காற்றைக் காக்கும் வழக்கம் உண்டாதலால், வெயில் மேலே படாமலே வியர்வை வழிந்தோடுகிறது. கோடையில் உழைப்பவன் நீரையும் உப்பையும் இழந்துகொண்டே உழைக்கிறான் என்பது யாவரும் அறிந்ததே.

இவ்விழப்பை ஈடு செய்வதாகச் சொல்லும் பானங்கள் இப்பொழுது கடைத்தெருவெங்கும் வந்துவிட்டன. புட்டியில் அடைத்தவை, அட்டைப் பெட்டியில் வருபவை, கரைத்துக் குடிக்கும் பொடிகள் எனப் பல வகை. இவற்றை வாங்குவது அவசியமா, யாருக்கு அவசியம், எவ்வளவு அருந்தலாம், எவருக்கு ஆகாது என்பவற்றை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ளுதல் நலம். அளவறிந்து அருந்தினால் உப்பு நீர் உதவும். அளவு தவறினால் பணமும் போகும், உடலும் கெடும்.

வியர்வையில் போவது என்ன?

வியர்வை உடலின் குளிர்ச்சி ஏற்பாடு. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகுமானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லுகிறது. ஆவியாகாமல் சொட்டிப்போகும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆதலின், காற்றோட்டமற்ற தறிவீட்டிலும் கடற்கரை ஊர்களின் புழுக்கத்திலும் நீர் போகிறதேயொழிய உடல் ஆறுவதில்லை.

கடும் வெயிலில் பாடுபடுபவர் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும், சிலர் அதற்கு மேலும் வியர்க்கிறார்கள். அதில் போகும் உப்பு ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். லிட்டருக்குச் சராசரியாகச் சுமார் ஒரு கிராம் சோடியம், அதாவது ஏறக்குறைய இரண்டரை கிராம் சமையல் உப்பு, போகிறதெனக் கொள்ளலாம். பொட்டாசியம் போன்றவை சிறு அளவிலேயே வெளியேறுகின்றன.

இப்பொழுது ஒரு கணக்குப் பார்ப்போம். நாள் முழுதும் வெட்டவெளியில் உழைத்து நான்கு லிட்டர் வியர்த்தவருக்குச் சுமார் 10 கிராம் உப்பு போயிருக்கும். நம் நாட்டவர் சோற்றிலும் குழம்பிலும் ஊறுகாயிலுமாக நாளொன்றுக்குச் சராசரி 8 கிராம் அளவு உப்பு உண்கிறார்கள் என்று ஆய்வுகள் கூறுகின்றன. உலகச் சுகாதார ஸ்தாபனம் 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்லுகிறது. நாம் வழக்கமாகவே அதைத் தாண்டிவிடுகிறோம். ஆக, வேளைக்கு வேளை உண்டு உழைப்பவருக்குக் கடும் வேலை நாளில் உண்டாகும் குறை சிறியது. ஓரிரு குவளை உப்பிட்ட மோரிலேயே அது நிரம்பிவிடும். தண்ணீர்க் குறையோ அன்றன்றே, மணிக்கு மணி தீர்க்கப்படவேண்டியது. முதற்கடன் தண்ணீருக்கே என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

கரைசல் பிறந்த வரலாறு

ஓ.ஆர்.எஸ். என்று வழங்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வியர்வைக்காகப் பிறந்தது அன்று, வயிற்றுப்போக்கிற்காகப் பிறந்தது. குடலானது சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒருங்கே உள்ளிழுக்கிறது என்ற கருத்தை 1960-ல் ராபர்ட் கிரேன் என்னும் விஞ்ஞானி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து செல்லும்போது நீரும் பின்தொடர்ந்து செல்லும். எனவே கரைசலில் சர்க்கரை சேர்வது சுவைக்காக மட்டும் அன்று. உப்பையும் நீரையும் குடலுக்குள் அழைத்துச் செல்லும் வேலை அதற்குண்டு.

1971-ல் வங்காளதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்த அந்நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் அவர்கள் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளவாகக் கலந்து நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினரைக்கொண்டே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. 2022-ல் அவர் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது.

இன்று வழங்கும் கலவையை உலகச் சுகாதார ஸ்தாபனமும் யூனிசெஃப் நிறுவனமும் 2002-ல் வகுத்தன. ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். இதில் உள்ள சோடியம் முழுவதையும் உப்பாகக் கணக்கிட்டால் 4.4 கிராம் ஆகும். அதாவது, ஒரு லிட்டர் கரைசல் ஒருவருடைய ஒரு நாள் உப்பிற்கு ஏறக்குறைய ஒப்பானது. இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவிற் கொண்டாலும், தாகத்திற்கெல்லாம் இதையே அருந்தும் தவறு நேராது.

ஒரே பெயர், வேறு சரக்கு

விளையாட்டு வீரர்க்கான பானங்கள் இதனின்றும் வேறானவை. அமெரிக்காவில் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் 1965-ல் டாக்டர் ராபர்ட் கேட் என்பவரும் உடன் உழைத்தோரும் கால்பந்து வீரர்களுக்காக ஆக்கிய கேட்டரேட் இவ்வகைக்கு முன்னோடி. இவ்வகைப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். கரைசலைவிட உப்பு மிகக் குறைவு. சர்க்கரையோ நான்கு மடங்குக்கு மேல், லிட்டருக்குச் சுமார் 60 கிராம். ஓடிக்கொண்டேயிருக்கும் வீரனுக்கு அச்சர்க்கரை உடனே எரிபொருளாகும். தறிமேடையில் அமர்ந்திருப்பவரோ கங்காணி வேலை பார்ப்பவரோ அரை லிட்டர்ப் புட்டி ஒன்றைக் காலி செய்தால், ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையை வீணே விழுங்கினவர் ஆவார். நீரிழிவுள்ளவருக்கு இது கேடு என்று சொல்லவேண்டுவதில்லை.

இவ்விரண்டிற்கும் நடுவே, ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துக்களைப் பெயரில் தாங்கி, பழச்சுவையும் மிகுந்த சர்க்கரையுமாக விற்கப்பட்ட பானங்கள் பலரைக் குழப்பின. வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு அவற்றைக் கொடுத்தால் மிகுதியான சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகப்படுத்தக்கூடும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில், உணவுப் பொருளாக விற்கும் பானங்கள் அவ்வெழுத்துக்களைத் தம் பெயரிற் சேர்த்தல் கூடாதென உத்தரவிட்டது. எனினும் வாங்குவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். முகப்பில் உள்ள பெயரை நம்பாமல், பொட்டலத்தின் பின்புறத்தில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அளவு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்குக. ஆரம்ப சுகாதார நிலையங்களில் உரிய பொட்டலம் கிடைக்கும்.

எப்பொழுது, எவ்வளவு?

கடும் வெப்பத்தில் உழைப்போர்க்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் கூறும் முறை எளிதானது: 15 அல்லது 20 நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு குவளை, அதாவது சுமார் 240 மில்லி, தண்ணீர். தாகம் வரட்டும் என்று காத்திராமல் சிறுகச் சிறுக அருந்துதல் நன்று. மணிக்கு ஒன்றரை லிட்டரை எட்டலாகாது.

இரண்டு மணி நேரத்திற்கு உட்பட்ட வேலைக்கும், காலையில் ஓட்டம் பழகும் இளைஞரின் சாதாரணப் பயிற்சிக்கும் தண்ணீரே போதும். பின்னர் உண்ணும் உணவு உப்பைத் தந்துவிடும். பல மணி நேரம் இடைவிடாது வியர்வை கொட்டும்போது, இடையில் உணவு கொள்ள இயலாதபோது, வேலைக்குப்பின் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும் அளவுக்கு வியர்ப்பவருக்கு, கெண்டைக்காலிலும் வயிற்றிலும் தசை இழுத்துப் பிடிக்கும்போது, இந்நிலைகளில் தண்ணீரோடு உப்பு நீரும் வேண்டும். 200 மில்லிக்கான சிறு பொட்டலத்தைக் கரைத்துத் தண்ணீருக்கு இடையிடையே ஓரிரு முறை அருந்தலாம். வைத்தியர் சொன்னாலன்றி உழைப்பிற்காக நாளொன்றுக்கு ஒரு லிட்டரைத் தாண்டவேண்டுவதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டவர்க்கு இந்த வரம்பு பொருந்தாது. அவர்களுக்கு அது மருந்து, போனதற்கு ஈடாகக் கொடுத்துவர வேண்டியது.

கரைக்கும் முறையில் கவனம் வேண்டும். ஒரு லிட்டர்ப் பொட்டலத்தை ஒரே குவளையில் கரைப்பதும், பாதியைக் கொட்டிக்கொண்டு மீதியை மடித்து வைப்பதும் தவறு. குறித்த அளவு சுத்தமான நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் அருந்தி, மிஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும். மேலும் சர்க்கரையோ உப்போ சேர்க்கலாகாது. பொட்டலம் கிடைக்காவிடில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறும் உப்பு அரையும் கரைத்துக்கொள்ளலாம். உப்பு அரைக் கரண்டிக்கு மிகுதல் ஆகாது. உப்பு மாத்திரைகளை விழுங்குதலும் தவிர்க்கத்தக்கதே.

தம் இழப்பை அறிய விரும்புவோர்க்கு ஓர் எளிய வழி உண்டு. கொள்முதல் நிலையத்தின் எடைமேடையில் வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர் நீருக்குச் சமம். எடை குறையாமல் கூடியிருந்தால் வேண்டியதற்கு மேல் குடித்திருக்கிறோம் என்பது பொருள். சிறுநீர் கருமஞ்சளாகவும் குறைவாகவும் போனால் நீர் போதவில்லை என்று கொள்க.

மிகுதியும் தீங்கே

தண்ணீர்தானே, எவ்வளவு குடித்தால் என்ன என்று எண்ணுவோர் உளர். 2002-ல் பாஸ்டன் நகர நெடுந்தூர ஓட்டத்தில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இயல்பிற்குக் குறைந்திருந்தது. ஓட்டத்தினிடையே மிகுதியாக நீர் அருந்தி எடை கூடியவர்களிடமே இக்குறை பெரிதும் காணப்பட்டது. சோடியம் மிகவும் தாழ்ந்தால் தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு எனச் சென்று உயிருக்கே அபாயமாகும். விளையாட்டுப் பானத்திலும் உப்பு குறைவாதலால், அதை மிதமிஞ்சிக் குடித்தாலும் இதே கதிதான்.

மறுபுறம், இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பு நீரை வைத்தியர் யோசனையின்றி அருந்துதல் கூடாது. இவர்களுக்கு இளநீரும் கவனத்துக்குரியதே. இளநீரில் பொட்டாசியம் மிகுதி; பழுதுற்ற சிறுநீரகம் அதை வெளியேற்றமாட்டாது திணறும். உடல் நலமுள்ளோர்க்கு இளநீர் நல்ல பானமே. ஆனால் வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியமாதலால், இளநீரோடு உப்பிட்ட உணவும் வேண்டும்.

நம் வீட்டுப் பானங்கள்

பழைய சோற்று நீராகாரத்தில் கல்லுப்பு இட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போன வழக்கத்தில் நீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒருங்கே இருந்தன. கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் மோர் சேர்த்துக் கரைக்கப்படும்போது அவ்வாறே. உப்பும் கறிவேப்பிலையும் இட்ட நீர்மோர், உப்பு கலந்த எலுமிச்சை நீர், சோறு வடித்த கஞ்சி ஆகிய யாவும் சாதாரண நாளின் தேவையைத் தீர்க்கவல்லவை. சுத்தமான நீரில் ஆக்குவதும், கோடையில் நெடுநேரம் வைத்துப் புளிக்கவிடாமலிருப்பதும் முக்கியம். வீட்டில் பால் கறந்து சங்கத்திற்கு ஊற்றிவிட்டு, கடையில் வண்ண நீரை விலை கொடுத்து வாங்குவது சிக்கனமும் அன்று, அறிவுடைமையும் அன்று.

குளிர்ந்த சோடாக் கலர் வகைகள் இவ்விடத்திற்கு உரியனவல்ல. வெப்பத்தில் உழைத்தவர்களுக்குச் சர்க்கரையும் காஃபீனும் நிறைந்த மென்பானம் கொடுத்துச் செய்த ஆய்வொன்று 2019-ல் வெளியாயிற்று; தண்ணீர் அருந்தியபோது இருந்ததைவிட, சிறுநீரகம் சிரமப்படுவதைக் காட்டும் அடையாளங்கள் அப்பொழுது கூடியிருந்தன. சாராயமும் கள்ளும் உடலின் நீரை மேலும் வெளியேற்றுவன.

பானம் மட்டும் போதுமா?

இதுவரை கூறியதெல்லாம் குடிப்பதைப்பற்றி. ஆனால் எந்தப் பானமும் நிழலுக்கும் ஓய்வுக்கும் ஈடாகாது. இதற்குக் கரும்பு வெட்டுவோரின் அனுபவம் ஒன்றைச் சொல்லுவோம்.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகராகுவா நாடுகளின் பசிபிக் கரையோரத்தில், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத இளவயதுக் கூலியாட்கள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டுவந்தனர். 2002-ல் எல் சால்வடார் வைத்தியர்கள் இதை எழுத்தில் வெளியிட்டனர். காரணம் இன்னும் முற்றும் துலங்கவில்லையெனினும், கடும் வெப்பத்தில் ஓய்வின்றி உழைத்து நாள்தோறும் உடல் வறளுவது முக்கியமானதென ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அங்கே கூலி டன் கணக்கில். நீர் குடிக்க நின்றால் கூலி குறையும் என்ற எண்ணமே அவர்களைத் தாகத்தோடு வெட்டவைத்தது.

2014-15 கரும்புப் பருவத்தில் எல் சால்வடாரில் ஒரு குழுவினருக்கு முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, வயலோரத்தில் நகர்த்தத்தக்க நிழற்பந்தல், குறித்த நேர ஓய்வு, மேலான வெட்டுக்கத்தி ஆகியன அளிக்கப்பட்டன. உடல் வறட்சியின் தொல்லைகள் குறைந்தன. ஓய்வு கொடுத்ததால் வேலை குறைந்ததா என்றால், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 5.1 டன் என்றிருந்த வெட்டு 7.3 டன்னாக உயர்ந்தது. கத்திக்கும் இதிற் பங்குண்டு. ஆயினும், ஓய்ந்து நீர் குடிப்பவன் கூலி இழப்பான் என்ற அச்சம் பொய்யாயிற்று.

நம் நெசவாளருக்கும் கூலி நெய்த அளவுக்கே. நம் கரும்பு வெட்டுவோர்க்கும் டன்னுக்கே. ஆகையால் அந்த அச்சம் நமக்கும் உரியது. அதை நீக்கும் கடமையும் நமக்கே உரியது. பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலையை விடியலிலேயே முடிக்கும் வழக்கத்தை நம் முன்னோர் வைத்தது, நூல் வெயிலில் முறுகிக் கெடாதிருக்க. நூலுக்குக் காட்டிய பரிவை ஆளுக்கும் காட்டினால் என்ன? கடும் வேலையைக் காலை 11 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்குப் பின்னுமாகப் பிரித்துக்கொள்ளுதல் நன்று. வெயிலுக்குப் பழகாத புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரமே வெயிலில் வேலை கொடுத்து, நாளுக்கு நாள் உயர்த்தவேண்டும். உடல் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். பழகிய உடல் வியர்வையில் உப்பை வீணாக்குவதும் குறையும்.

வேலையின் நடுவே ஒருவர் பேச்சுக் குழறினாலும், திக்குத்திசை தெரியாமல் நடந்தாலும், மயங்கி விழுந்தாலும் அது வெப்பத் தாக்குதல் எனக் கொண்டு நொடியும் தாமதிக்கலாகாது. நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். 108-க்கு உடனே தெரிவிக்கவேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் உப்பு நீரோ வேறெதுவோ ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கி உயிரைப் போக்கிவிடும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசு செய்வதைச் செய்யட்டும். நம் சங்கங்களும் தம் அளவில் செய்யத்தக்கவை உண்டு. கொள்முதல் நிலையத்திலும் நூல் வழங்குமிடத்திலும் நிழலும் குடிநீரும் ஏற்படுத்தலாம். அங்கத்தினர்கள் வெயிலில் வரிசையில் நிற்காதபடி காலையிலேயே கொள்முதலை வைத்துக்கொள்ளலாம். பண்டகசாலையில் உரிய அளவுள்ள ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை இருப்பு வைத்து, கரைக்கும் முறையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். தறிவீடுகளில் மேற்கூரை வெப்பத்தைத் தணிக்க ஓலையோ வெள்ளைப் பூச்சோ போட உதவலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, நீர் குடிக்கவும் நிழலில் அமரவும் எடுக்கும் நேரம் வேலை நேரத்தைச் சேர்ந்ததே என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானித்து, அதனால் எவர் கூலியும் குறையாதபடி விகிதத்தை அமைக்கலாம். தனி ஆளாகக் கேட்கத் தயங்குவதை ஒன்றுகூடிச் செய்துகொள்வதற்கன்றோ கூட்டுறவு?

வரும் மாதங்களில் நம் ஒவ்வொரு வயலோரத்திலும் தறியருகிலும் முதலில் ஒரு பானைத் தண்ணீர் இருக்கட்டும். அடுத்து உப்பிட்ட மோரோ கூழோ இருக்கட்டும். பொட்டலம் வேண்டும்போது எடுக்க அலமாரியில் இருக்கட்டும்.